அரை மில்லி அட்ரினலின்

(கேளம்பாக்கத்தில் பொதுமக்களிடையே ஒரு மயக்க மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மயக்க மருத்துவன். அறுவை செய்கிறவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளியின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அதற்காக என் தட்டில் எப்போதும் சில ஊசி மருந்துகள் தயாராக இருக்கும். அட்ரினலின், நார்அட்ரினலின், எபெட்ரின், மெபென்டெர்மின், ஃபினைல்எஃப்ரின். பெயர்கள்தான் வேறு, எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி எதைச் சுரக்கிறதோ, அதைப் போல நடந்துகொள்ளும் மருந்துகள். இவை இதயத்தின் தாளத்தை என்ன செய்கின்றன என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் இதைப் பேசத் தனிக் காரணம் உண்டு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் வடநெம்மேலி. அங்கிருக்கும் முதலைப் பண்ணையைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதையொட்டி இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வயல்வரப்பிலும் புதரிலும் தேடிப் பிடித்து வந்து, மண்பானையில் போட்டுத் துணியால் வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். நஞ்சை எடுத்த பிறகு மீண்டும் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இந்தத் தொழிலில் கைதேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மாவட்டத்துக்காரர்கள்.

அந்த நஞ்சு மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. அங்கே சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தால் அதுதான் பாம்புக்கடிக்கு நாம் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. என்னதான் சுத்தம் செய்தாலும் அது குதிரையின் புரதம். பத்துக் குப்பி குதிரைப் புரதத்தை மனித ரத்தத்தில் நேரடியாக ஏற்றினால் சிலருடைய உடல் அதைப் பகையாகப் பார்க்கும். உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை வீக்கம், இழுப்பு, ரத்த அழுத்தம் தரைமட்டம். இதைத்தான் அனாஃபிலாக்சிஸ் என்கிறோம். பாம்பிடம் தப்பித்தவர் மருந்திடம் மாட்டிக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று, அட்ரினலின்.

இதைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஆராய்ச்சி பக்கத்து நாட்டில் நடந்தது. இலங்கையிலும் இந்தியாவில் தயாரான நஞ்சுமுறி மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே பாம்புக்கடியோடு வந்த 1,007 பேரைப் பிரித்து, மருந்து ஏற்றும் முன் சிலருக்கு அட்ரினலின், சிலருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன், சிலருக்கு ப்ரோமெதசின், சிலருக்கு இவற்றின் கலவை, சிலருக்கு வெறும் உப்புநீர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். அட்ரினலின் கொடுத்தது தோலுக்கடியில் கால் மில்லிதான். 2011-ல் முடிவு வெளியானது. அட்ரினலின் பெற்றவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. மற்ற இரண்டும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை.

இப்போது நம் ஊர்ப் பழக்கத்தைப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் என்று போனால் முதலில் விழுவது ப்ரோமெதசின் வகையைச் சேர்ந்த ஏவில் ஊசி, அடுத்தது ஹைட்ரோகார்ட்டிசோன் வகையைச் சேர்ந்த டெக்ஸா ஊசி. அட்ரினலின் அலமாரியில் இருக்கும். எடுக்கத் தயக்கம். "வயசானவர், இதயம் தாங்குமா?" என்ற பயம். இந்தப் பயம் நோயாளியின் உறவினர்களுக்கு மட்டும் உள்ளதன்று. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் உண்டு. பயத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. ஆனால் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. ஏன் என்று விளங்க வேண்டுமானால் இதயத்துக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

இதயத்தின் வலது மேலறையில், மேல் ஓரமாக, சைனஸ் முனை என்ற சிறிய திசு இருக்கிறது. அதுதான் துடிப்பைத் தொடங்கி வைப்பது. அதை யாரும் தொடாமல் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கச் சொல்லும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதும் நாடி 90, 100 என்று இருப்பது அதனால்தான். மூளையிலிருந்து வரும் நரம்புகள் அந்த இதயத்தில் அறுபட்டிருக்கும். நமக்கு 72 என்று இருப்பதற்குக் காரணம் வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தைப் பிடித்திருப்பது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அந்தப் பிடி தளர்கிறது, அட்ரினலின் பாய்கிறது, முனை வேகமெடுக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகும் வழியில் இருக்கும் இயல்பான தாமதமும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பும் வலுவாக விழுகிறது.

அந்த வலுவுக்குக் காரணம் கால்சியம். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் கிடங்கு ஒன்று உண்டு. துடிக்க வேண்டிய நேரத்தில் கதவு திறந்து கால்சியம் வெளியே வரும், தசை சுருங்கும். வேலை முடிந்ததும் கால்சியம் கிடங்குக்குள் திரும்ப ஏற்றப்படும். அட்ரினலின் இந்த ஏற்றுமதி இறக்குமதியைப் பல மடங்காக்குகிறது. கிடங்கு நிரம்பி வழிகிறது. தையூர் ஏரி ஐப்பசியில் நிரம்பிவிட்டால் மதகை யாரும் திறக்க வேண்டியதில்லை, கலங்கல் வழியே தண்ணீர் தானாகப் போய்விடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். நேரம் கெட்ட நேரத்தில் கால்சியம் கசிந்து வெளியே வரும். அது ஒரு சின்ன மின்னோட்டத்தைக் கிளப்பும். சைனஸ் முனை சொல்லாமலேயே கீழறை ஒரு துடிப்பைப் போட்டுவிடும்.

அந்தத் திருட்டுத் துடிப்பை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். "நெஞ்சில் திக்கென்றது", "ஒரு துடிப்பு விட்டுப்போச்சு" என்று வந்து சொல்வீர்கள். உண்மையில் விட்டுப்போனதில்லை, ஒன்று முன்கூட்டியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் நீண்ட இடைவெளியும், அதையடுத்து வரும் பலத்த அடியும்தான் உங்களுக்குத் தெரிகிறது. ஈ.சி.ஜி. தாளில் ஒல்லியான கோபுரங்கள் வரிசையாக நிற்கும் நடுவே அகலமாக, கோணலாக ஒன்று நிற்கும். ஒன்றிரண்டு வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதுவே வரிசை கட்டி வந்தால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. அந்த வரிசையும் குலைந்து கீழறை வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் ஃபைப்ரிலேஷன். அப்போது ரத்தம் வெளியே போகாது. மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கிடங்கின் கதவு தளர்வாக இருக்கும். அவர்களுடைய ஈ.சி.ஜி. ஓய்வில் பழுதில்லாமல் இருக்கும். ஓடும்போதோ அதிர்ச்சிச் செய்தி கேட்கும்போதோ சொந்த அட்ரினலினே அவர்களை விழ வைத்துவிடும். வேறு ஒரு பிறவிக் கோளாறில் நீந்தும்போது மயங்குவார்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், அல்லது நீங்களே ஓட்டத்தின் நடுவிலோ தண்ணீரிலோ மயங்கியிருந்தால், அதை "பித்தம்" என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, அட்ரினலின் போன்ற மருந்து என்றாலே இதயம் தலைதெறிக்க ஓடும் என்றால், அது பாதி உண்மை. 1948-ல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்கர், இந்த மருந்துகள் உடலில் இரண்டு வகை ஏற்பிகளில் வேலை செய்கின்றன என்று சொன்னார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அவருடைய கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. பீட்டா இதயத்தை விரட்டும். ஆல்ஃபா ரத்தக் குழாயை இறுக்கும். குழாய் இறுகினால் ரத்த அழுத்தம் ஏறும். கழுத்துக் குழாயில் இருக்கும் உணர்விகள் அதைப் பார்த்து, "போதும், மெதுவாகப் போ" என்று இதயத்துக்குச் சொல்லும். ஆகவே ஆல்ஃபாவை மட்டும் தொடும் ஃபினைல்எஃப்ரின் கொடுத்தால் அழுத்தம் ஏறும், நாடி குறையும். தண்டுவட மயக்க ஊசி போட்ட கர்ப்பிணிக்கு அழுத்தம் இறங்கும்போது இதைக் கொடுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தால் 110 இருந்த நாடி கண் முன்னே 70-க்கு வரும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று பதறுவார்கள். பீட்டாவை அடைக்கும் மருந்தைத் தேடிப் போன ஜேம்ஸ் பிளாக் 1964-ல் ப்ரோப்ரனலாலைக் கொண்டுவந்தார். 1988-ல் நோபல் பரிசு. இங்கே பி.பி.க்கு மெட்டோப்ரொலாலோ அட்டனலாலோ சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒருவகையில் ஆல்க்விஸ்டுக்கும் பிளாக்குக்கும் கடன்பட்டவர்கள்.

எந்த ஏற்பியை எவ்வளவு தொடுகிறது என்பது உயிர் விஷயம். ஒரு காலத்தில் ஐ.சி.யூ.வில் அழுத்தம் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு டோபமின் போடுவோம். 2010-ல் ஐரோப்பாவில் 1,679 நோயாளிகளில் டோபமினையும் நார்அட்ரினலினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தாளக்கோளாறு டோபமினில் 24.1 சதவீதம், நார்அட்ரினலினில் 12.4 சதவீதம். இரண்டு மடங்கு. அதன் பிறகு எங்கள் தட்டில் டோபமினுக்கு மரியாதை குறைந்துவிட்டது.

இனி அளவும் வழியும். இதுதான் இன்று நான் பேச வந்த விஷயத்தின் மையம். அட்ரினலின் ஆம்ப்யூல் என்பது சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பழுப்புக் கண்ணாடிக் குப்பி. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்பு. உள்ளே 1 மில்லி, அதில் 1 மில்லிகிராம். இதயம் நின்றுபோனவருக்கு அது முழுவதையும் சிரைக்குள், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுப்போம். ஒவ்வாமையில் தத்தளிப்பவருக்கு, அவர் பெரியவரானால், அதில் பாதி, அதாவது அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அதே குப்பி, அதே தட்டு. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு, பதற்றத்தில் யாராவது அந்த அரை மில்லியைச் சிரையில் ஒரேயடியாகச் செலுத்திவிட்டால் என்ன ஆகும்? அரை நிமிடத்தில் நோயாளி வெளிறுவார், "தலை வெடிக்கிறது" என்பார், மானிட்டரில் 160, 170 என்று ஓடும், நடுநடுவே நான் சொன்ன அந்த அகலக் கோணல் துடிப்புகள் கூட்டமாக வரும். அட்ரினலின் இதயத்தைக் கொன்றது என்று நீங்கள் கேள்விப்படும் கதைகளில் பல இப்படி வழி மாறியவை. தசையில் போட்டதால் வந்தவை மிக அரிது.

தொடை ஏன் என்று கேட்பீர்கள். கனடாவில் ஒவ்வாமை உள்ள குழந்தைகளிடம் அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையில் போட்டால் சராசரி எட்டு நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொடுகிறது. தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். தடுப்பதற்குத் தோலுக்கடியில் கால் மில்லி போதும், நேரம் இருக்கிறது. மூச்சு அடைத்துக்கொண்டவருக்கு அரை மணி நேரம் ஏது?

இதயம் நின்றவர்களுக்கு முழுக் குப்பி கொடுப்பதும் நாம் நினைக்கும் அளவுக்கு வெற்றிக் கதை கிடையாது. பிரிட்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள், இதயம் நின்ற 8,014 நோயாளிகளிடம் அட்ரினலினையும் உப்புநீரையும் ஒப்பிட்டார்கள். 2018-ல் வெளியானது. முப்பதாவது நாளில் உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், உப்புநீர்ப் பக்கம் 2.4 சதவீதம். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் முறையே 31 சதவீதம், 17.8 சதவீதம். இதயம் மீண்டும் துடித்தது, மூளை பலருக்கு முழுதாகத் திரும்பவில்லை. இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது, 108-க்கு போன் செய்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் எல்லா ஊசிகளையும்விட மேல் என்பதுதான். இன்றும் அதே எண்ணம்தான்.

பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறோம் என்றேன். பயப்பட வேண்டிய இடங்கள் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமாலுக்கும் குளோர்ஃபெனிரமினுக்கும் நடுவே ஃபினைல்எஃப்ரின் என்று பொடி எழுத்தில் இருக்கும். என் தட்டில் மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு என்று அளந்து கொடுக்கும் மருந்து அங்கே மாத்திரையில் 5, 10 மில்லிகிராம். வாய்வழி போனால் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் அழிந்துவிடுகிறது என்பதால் பிழைக்கிறோம். அதனாலேயே மூக்கடைப்புக்கும் அது உதவுவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், குளோர்ஃபெனிரமினோடு சேர்ந்த இந்தக் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட வேண்டும் என நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் உத்தரவிட்டது. மூக்கில் விடும் சைலோமெட்டசோலின் சொட்டும் இதே குடும்பம்தான். பெரியவர் பாட்டிலைக் கைக்குழந்தைக்கு விட்டால் நாடி மந்தமாகிக் குழந்தை துவண்டுவிடும்.

இழுப்புக்காரர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. இன்ஹேலர் என்றால் "பழகிவிடும், இதயத்துக்குக் கெடுதல்" என்று ஒதுக்குவார்கள். கிளினிக்கில் உட்கார்ந்து நெபுலைசர் வைத்துக்கொள்வதில் மட்டும் ஆட்சேபணை இல்லை. ஒரு பஃப் சால்புடமால் 100 மைக்ரோகிராம். நெபுலைசரில் ஊற்றுவது 2.5 மில்லிகிராம், இருபத்தைந்து மடங்கு. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும். சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். அவசரத்தில் நெபுலைசர் உயிர் காக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினசரி அதைத் தேடிப் போகிறவர், தடுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டார் என்று அர்த்தம். 1960-களில் இங்கிலாந்தில் ஐசோப்ரெனலின் என்ற மருந்தை ஐந்து மடங்கு வீரியத்தில் இன்ஹேலராக விற்றார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே இளம் ஆஸ்துமா நோயாளிகளின் சாவு கூடியது. காரணம் இதயமா, அல்லது அந்த மருந்தை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டும்தான் என்று படுகிறது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று. மெபென்டெர்மின் என்று என் தட்டில் இருப்பதாகச் சொன்னேன். தண்டுவட மயக்கத்தில் அழுத்தம் இறங்கும்போது சில மில்லிகிராம் கொடுக்கும் மருந்து. அதை நாட்டின் சில பகுதிகளில் உடற்பயிற்சிக் கூடங்களில் தெம்புக்காக ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அது தெம்பு தராது. உடலில் மிச்சமிருக்கும் நார்அட்ரினலினைப் பிழிந்து வெளியே தள்ளும். பிழிந்து முடிந்த பிறகு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கனமான எடையைத் தூக்கும்போது சொந்த அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் மானிட்டர் வைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

சொந்த அட்ரினலின் கட்டவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செந்தேள் சாட்சி. அதன் நஞ்சு நரம்பு முனைகளைத் தூண்டி, உடலின் இருப்பு முழுவதையும் கொட்ட வைக்கிறது. கொட்டுப்பட்ட குழந்தை வியர்வையில் குளிக்கும், கைகால் பனிக்கட்டியாகும், நாடி தாறுமாறாகும், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து வாயில் நுரை வரும். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் இருந்த ஹிம்மத்ராவ் பவஸ்கர் இப்படி வந்த குழந்தைகளை இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். 1982-ல் லான்செட் இதழில் வந்தது. ஆல்ஃபாவை அடைக்கும் ப்ரசோசின் என்ற விலை குறைந்த மாத்திரையை அவர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு சாவு பெருமளவு குறைந்தது. 2022-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு ஈ.சி.ஜி. பெட்டியும் பொறுமையும் இருந்தன.

கடைசியாக, பீட்டா அடைப்பான் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு ஒவ்வாமை வந்து அட்ரினலின் போட்டால் அது முழு வேலை செய்யாமல் போகலாம். வேறு மருந்து தேவைப்படலாம். பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியிலும் அட்ரினலின் கலந்திருக்கும். இரண்டு மில்லியில் வெறும் 25 மைக்ரோகிராம்தான், பெரும்பாலோருக்குச் சற்றுப் படபடப்போடு போய்விடும். ஆனால் ப்ரோப்ரனலால் எடுப்பவருக்குப் பீட்டா அடைபட்டிருப்பதால் ஆல்ஃபா மட்டும் வேலை செய்து அழுத்தம் திடீரென்று ஏறலாம். எனவே பல் மருத்துவரிடமும் பி.பி. மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

கதண்டு கொட்டினாலும், இறால் ஒத்துக்கொள்ளாமல் போனாலும், ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினாலும், படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுகிறவரை மட்டும் உட்கார விடுங்கள். உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். போனதும் "அட்ரினலின் தொடையில் போட்டாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். எந்த மருத்துவரும் அதற்காகக் கோபிக்கக் கூடாது, கோபித்தாலும் பரவாயில்லை.

கேள்விகள் கேட்கலாம். மாத்திரை அட்டை கையில் வைத்திருக்கும் பெரியவர்கள் முதலில் வாருங்கள்.